தூண்டிலில் தப்பிய தங்கமீன்கள்: உத்தனப்பள்ளிப் பக்கம் ஒரு விரால் வேட்டை

ஆவணி முடிய ஒரு வாரம்தான் பாக்கி இருந்தது. புரட்டாசி பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில் மீன் சட்டி பரணுக்குப் போய்விடும். மாதம் முழுக்கத் தூண்டிலைக் கண்ணில் காட்டினாலே என் மனைவி முறைப்பாள். இந்த 2008-ஆம் வருஷ மின்வெட்டு புண்ணியத்தில் எங்கள் கம்பெனிக்கு வாரத்தில் ஒரு நாள் கட்டாய விடுமுறை விட்டிருந்தார்கள். மற்றவர்கள் கரண்டைத் திட்டிக்கொண்டு வீட்டில் விசிறிக்கொண்டிருக்க, நான் புதன்கிழமை விடியும் முன்பே தூண்டில் பையோடு வாசலில் நின்றேன். விரால் பிடிக்காமல் புரட்டாசிக்குள் நுழைவதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

கூட வந்தவர் யூசுப் பாய். ஓசூரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். ஆணி, குழாய், கம்பி வலை எல்லாம் விற்பார். ஆனால் அவரிடம் பேச்சுக் கொடுத்தால் கடைசியில் விராலில்தான் வந்து நிற்பார். எனக்குச் சொந்த ஊர் சிவகங்கைப் பக்கம். கண்மாயில் மண்புழு கோத்துக் கெளுத்தி பிடித்த ஆள் நான். உயிருள்ள மீனை இரையாகக் கோத்து விரால் பிடிக்கலாம் என்பதை இந்த ஊருக்கு வந்து பாயிடம்தான் பார்த்தேன். அதிலும் அவர் கோப்பது சாதாரண மீன் இல்லை. கண்ணாடித் தொட்டியில் வளர்ப்பார்களே, அந்தத் தங்கமீன்!

சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது. கெண்டைக்குஞ்சைப் பக்கெட்டில் போட்டால் அரை மணி நேரத்தில் வாயைப் பிளந்துவிடும். தங்கமீன் சாயங்காலம் வரைக்கும் அசராது. பாசி படர்ந்த தண்ணீரிலும் ஆரஞ்சு நிறம் பளிச்சென்று தெரியும். பாய் சரக்கு எடுக்க பெங்களூர் போகும்போது, விரல் நீளக் குஞ்சுகளாக ஒன்று மூன்று ரூபாய் என்று வாங்கி, ஆக்சிஜன் அடைத்த பாலித்தீன் பையில் கொண்டுவந்துவிடுவார்.

என் பைக்கில் கிளம்பினோம். பாய் பின்னால் உட்கார்ந்து, மூடியில் ஓட்டை போட்ட பெயிண்ட் பக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டார். சானமாவு காட்டு ரோட்டில் நன்றாக வெளிச்சம் வந்த பிறகுதான் நுழைய வேண்டும். நாங்கள் ஆறேகாலுக்கு நுழைந்தோம். ரோட்டின் நடுவில் யானைச் சாணம், ஆவி கூட அடங்கவில்லை. வண்டியை மெதுவாக்கினேன், அதே நேரம் கூவ வேண்டும் போல ஒரு குஷி. எதிரே சைக்கிளில் வந்த வனக் காவலர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இப்பத்தான் கெழக்கால தாண்டிச்சு. ஹாரன் அடிக்காத போங்க. பக்கெட்டுல இன்னா?"

"மீனுங்க" என்றார் பாய்.

"மீன் புடிக்கப் போறீங்களா, புடிச்சிட்டு வர்றீங்களா?"

"மீன வச்சு மீன் புடிக்கப் போறோம்."

அவர் எங்களை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

ஓசூரிலிருந்து உத்தனப்பள்ளி என் பைக் மீட்டரில் பதினெட்டு கிலோமீட்டர். அங்கே டீ இரண்டரை ரூபாய், இட்லி ஒன்று இரண்டு ரூபாய், சட்னி கேட்கக் கேட்க ஊற்றுவார்கள். ஊரைத் தாண்டி ராயக்கோட்டை ரோட்டிலேயே கொஞ்ச தூரம் போய், மண் பாதையில் திரும்பினால் கைவிட்ட கல் குவாரி ஒன்று வரும். மழைத் தண்ணீர் நிறைந்து அது இப்போது ஒரு குட்டை. ஒரு பக்கம் செங்குத்தான பாறை, மறுபக்கம் சரிவாக, அல்லி படர்ந்து, முழங்கால் ஆழம். சரிவின் மூலையில் ஒரு வாய்க்கால் தொடங்கி, கீழே இருக்கும் பெரிய ஏரிக்குப் போகிறது. இந்த வாய்க்காலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் தங்கமீனை பாயே கோத்துக் கொடுத்தார். முதுகுத் துடுப்புக்குக் கீழே, சதையில் இறங்காமல் தோலில் மட்டும் முள்ளை ஏற்ற வேண்டும். அல்லி இலைகளுக்கு நடுவே இறக்கினேன். தக்கை இப்படியும் அப்படியும் அலைந்தது. ஒரு இடத்தில் வந்ததும் இரை திடீரென்று துடிக்க ஆரம்பித்தது. விரால் பக்கத்தில் வந்துவிட்டது என்று அர்த்தம். 'ப்ளக்' என்று ஒரு சத்தம், தக்கையைக் காணோம்! நான் இழுத்த இழுப்பில் சறுக்கி உட்கார்ந்தேன். ஆனால் தங்கூஸ் நரம்பை விடவில்லை. முழங்கை நீள விரால், கறுத்த முதுகு, வெளுத்த வயிறு, புல்லில் விழுந்து பாம்பாக நெளிந்தது. எனக்குக் கத்தத்தான் தெரிந்தது. அடுத்த விரால் பாய்க்கு. அதற்கடுத்து இரண்டு இரைகள் வீண்.

அப்போதுதான் வெயில் பாறைக்கு மேலே ஏறி தண்ணீருக்குள் இறங்கியது. சரிவின் ஓரம் தண்ணீருக்குள் யாரோ ஆரஞ்சுப் பழத் தோலைக் கொட்டியது போல ஒரு கூட்டம் திரும்பியது. பத்து இருபது இல்லை, கூட்டம் கூட்டமாக. உள்ளங்கை அகலம் இருந்தன சில. "பாய்! தங்கமீன்! குட்டை முழுக்கத் தங்கமீன்!" என்று குதித்தேன். என் ஆயுசில் அப்படி ஒரு காட்சியைப் பார்த்ததில்லை.

பாயின் முகம் பூரித்துப் போய்விட்டது. "எல்லாம் நம்ம புள்ளைங்க தம்பி" என்றார்.

அவர் கணக்கு இதுதான். காலையிலிருந்து முள்ளுக்குத் தப்பி, சாயங்காலமும் பக்கெட்டில் உயிரோடு இருக்கும் இரை மீனை அவர் வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார், கொல்லவும் மாட்டார். பக்கெட்டோடு தண்ணீரில் கவிழ்த்துவிடுவார். 'பொழச்சதுக்கு விடுதலை' என்பார். நாள் முழுக்க உயிரை எடுத்ததற்குக் கடைசியில் ஒரு 'நன்மை', அது அவர் சொல். ஓசூரில் உயிர் இரை போடுகிற எல்லோரும் இதைச் செய்வார்கள். நம்ம ஆட்கள் இதையே புண்ணியம் என்பார்கள். மதம் வேறானாலும் பக்கெட் கவிழ்வது ஒன்றுதான். அவர் இந்தக் குட்டைக்கு மூன்று நாலு வருஷமாக வருகிறார்.

"யாரு அது? வத்து! வத்துண்ணா!"

தெலுங்கில் வேண்டாம் வேண்டாம் என்று கத்திக்கொண்டே ஒரு அம்மா வாய்க்கால் வழியாக ஏறி வந்தார். சேலையை இழுத்துச் செருகி, தோளில் துண்டு, கையில் கத்திரிக்கோல் அளவுக்கு ஒரு சின்ன அரிவாள். கீழ் ஏரியைப் பஞ்சாயத்தில் குத்தகை எடுத்திருக்கும் லட்சுமம்மா. எங்களை விட்டுவிட்டு நேராகப் பக்கெட் மூடியைத் திறந்து பார்த்தார். உள்ளே மிச்சமிருந்த தங்கமீன்கள் அவரை எட்டிப் பார்த்தன.

"நெனச்சன். இதாலதான் புடிக்கிறீங்களா? இந்தக் கெரகம் எப்படிடா இங்க வந்துச்சுன்னு ஒரு வருசமா மண்டைய ஒடச்சிக்கினு இருக்கன்."

"அழகாத்தானே இருக்குதும்மா" என்றேன் நான், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல்.

"அழகா? தண்ணியப் பாருண்ணா. ரெண்டு வருசத்துக்கு முன்ன அடியில கெடக்குற கல்லு தெரியும். இப்ப?"

உண்மைதான். மீன் கூட்டம் போன இடமெல்லாம் சேறு புகைந்தது. வாயால் அடிமண்ணைக் கிளறிக்கொண்டே போகின்றன. அந்த அம்மா துண்டை விரித்து ஓரத்தில் ஒரே வீச்சில் அள்ளினார். ஆரஞ்சு மீன் நாலு, அதோடு பழுப்பாக ஏழெட்டு. பழுப்பு மீன்களை நான் கெண்டை என்று நினைத்தேன். ஒன்றைக் கையில் எடுத்தால், பாதி உடம்பு பழுப்பு, வால் பக்கம் மட்டும் ஆரஞ்சுச் சாயம் ஒட்டியிருக்கிறது. அட! இவையும் தங்கமீன்தான். இங்கேயே பிறந்தவற்றுக்கு நிறம் போய்க்கொண்டிருக்கிறது. நாங்கள் பார்த்துக் குதித்த ஆரஞ்சுக் கூட்டம் மேலாகத் தெரிந்தது மட்டும்தான். கண்ணுக்குத் தெரியாதது அதைவிட எத்தனை மடங்கோ.

லட்சுமம்மா பேசப் பேச விஷயம் விளங்கியது. நகையை வைத்துக் குத்தகை எடுத்து, ஏரியில் கட்லா, ரோகு குஞ்சு விட்டிருக்கிறார். புரட்டாசி முழுக்க மீன் விலை போகாது, ஐப்பசியில்தான் வலை. அதற்குள் புரட்டாசி மழையில் இந்தக் குட்டை நிறைந்து வாய்க்காலில் வழியும். இந்தக் கூட்டம் ஏரிக்கு இறங்கினால் அவர் போடும் தவிடு புண்ணாக்கை எல்லாம் இதுவே தின்னும், தண்ணீரையும் கலக்கும். விற்கலாம் என்றால் சந்தையில் இதைச் சாப்பிட யாரும் வாங்க மாட்டார்கள்.

"போன வாரம் மழைக்குக் கொஞ்ச நேரம் வழிஞ்சிச்சு. ஏதாச்சும் எறங்கிச்சோ இன்னாவோன்னு தூக்கமே இல்ல" என்றார்.

வானத்தைப் பார்த்தேன். ராயக்கோட்டை மலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது.

 யூசுப் பாய் தூண்டிலைச் சுருட்டிக் கீழே வைத்தார். "நான்தாம்மா விட்டேன்" என்றார். "மிச்சமான இரைய உசுரோட விட்டா நன்மைன்னு விட்டேன். வேற யாரும் விட்டாங்களான்னு தெரியாது. நான் விட்டேன்."

அந்த அம்மா திட்டுவார் என்று நினைத்தேன். அவர் பாயை மேலும் கீழும் பார்த்தார். "ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னு சொல்வாங்க. நீ குட்டையில போட்டியே சாமி, கேட்டுட்டுப் போடக் கூடாதா?" என்றார். அவ்வளவுதான். அது திட்டைவிட உறைத்தது என்பது பாயின் முகத்தில் தெரிந்தது.

விரால் பிடிக்க வந்த இடத்தில் கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை ஆகிவிட்டது. ஆனால் சொல்கிறேன், அதற்குப் பிறகு வந்த நாலு மணி நேரம்தான் இந்தப் பயணத்தின் உச்சம். பாய் என் பைக் சாவியைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு ஓசூருக்குப் பறந்தார். வாய்க்கால் வாயை அடைக்கக் கம்பி வலை வேண்டும், அது அவர் கடையிலேயே சுருள் சுருளாகக் கிடக்கிறது. இங்கே லட்சுமம்மா தன் இழுவலையைக் கொண்டுவந்தார். பக்கத்துத் தோட்டத்தில் தக்காளி பறித்துக்கொண்டிருந்த நாலு பேரையும் கூப்பிட்டார். குட்டையின் ஆழத்தில் வலை போட முடியாது, உடைந்த கல்லில் மாட்டிக் கிழியும். அதனால் ஊறவைத்த கடலைப் புண்ணாக்கை உருண்டை பிடித்து முழங்கால் ஆழ மூலையில் போட்டோம். பெருந்தீனி மீன்கள்! கொஞ்ச நேரத்தில் அந்த மூலைத் தண்ணீரே கொதிப்பது போல ஆகிவிட்டது.

"இழு! அடிக் கயித்த அமுக்கிக்கினு இழு!" என்று லட்சுமம்மா கரையிலிருந்து கத்த, நான் பேன்ட்டோடு தண்ணீரில். எனக்கு இடப் பக்கம் நின்றவர் கன்னடத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தார், வலப் பக்கம் நின்றவர் தெலுங்கில் பதில் சொன்னார், என்னைப் பற்றித்தான் என்பது மட்டும் புரிந்தது. வலை கரைக்கு வந்தபோது ஆரஞ்சும் பழுப்புமாக அது அள்ள முடியாத கனம். கூவிவிட்டேன். மறுபடி புண்ணாக்கு, மறுபடி வலை. ஒவ்வொரு இழுப்புக்கும் மீன் குறையக் குறைய எங்கள் சத்தம் கூடியது.

பிடித்ததை எல்லாம் தக்காளித் தோட்டத்தில் குழி வெட்டி உரமாகப் புதைத்தார்கள். அதைப் பார்க்க எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. அந்த நேரத்தில்தான் பாய் கம்பி வலையோடு திரும்பி வந்தார். குழியை ஒரு தடவை பார்த்தார். பிறகு அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. வாய்க்கால் வாயில் இறங்கி, இரண்டு அடுக்காக வலையை வைத்து, இரும்புக் கழி அடித்து, கல் முட்டுக் கொடுத்துக் கட்டினார். கடைக்காரர் கையில் சுத்தியல் இவ்வளவு வேகமாகப் போகும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இரண்டு மணி வாக்கில் மழை பிடித்தது. குட்டை விளிம்பைத் தொட்டு, வாய்க்காலில் வழிய ஆரம்பித்தது. நாங்கள் எல்லோரும் நனைந்தபடி குனிந்து பார்த்தோம். விரல் நீளக் குஞ்சுகள் வலையில் வந்து முட்டின, திரும்பின. ஒன்றும் தாண்டவில்லை. தக்காளிக்காரர்கள் விசில் அடித்தார்கள்.

மழை விட்டதும் லட்சுமம்மா தக்காளித் தொக்கும் களியும் கொடுத்தார். பிறகு என் தூண்டிலைக் காட்டி, "விராலுக்குத்தானே வந்தீங்க? கீழ ஏரிக்கு வாங்க. என் குஞ்சத் தின்னுற விராலு அங்க நெறைய கெடக்குது. எவ்வளவு வேணாலும் புடிச்சினு போங்க. தங்கமீன் மட்டும் பக்கெட்ட விட்டு வெளிய வரக் கூடாது" என்றார். எனக்கு லாட்டரி அடித்த மாதிரி இருந்தது. வரப்பில் சின்னத் தவளை பிடித்துக் கோத்தோம். தங்கமீன் பக்கெட் பைக்கில் கட்டியபடியே இருந்தது.

ஏரியில் மூன்றாவது வீச்சிலேயே கடித்தது. காலையில் பிடித்ததெல்லாம் விளையாட்டு என்று அப்போதுதான் தெரிந்தது. ராடு வளைந்து தண்ணீரைத் தொட்டது. நான் நாணல் ஓரமாக ஓட, அது நடுவுக்கு இழுக்க, பாய் என் இடுப்புப் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு "விடாத தம்பி, விடாத" என்று ஜபம் செய்தார். கரையில் ஏற்றியபோது என் தொடை கனத்துக்கு இருந்தது. ஏரிக்காரருக்கு ஒரு பங்கு கொடுப்பது முறை. லட்சுமம்மா அங்கேயே கல்லில் சாம்பலைத் தேய்த்து, அரிவாளால் வயிற்றைக் கீறினார்.

கீறிய கை நின்றது.

உள்ளே நாங்கள் கோத்த தவளை இருந்தது. அதற்குப் பின்னால், வால் பக்கம் கொஞ்சம் கரைந்துபோய், ஆரஞ்சு நிறத்தில் ஒரு மீன்.

 இந்த ஏரியில் நாங்கள் தங்கமீனைக் கோக்கவே இல்லை. போன வார மழையில் இறங்கிவிட்டது. இரண்டடுக்கு வலை கட்டியும் அது ஒரு வாரம் பிந்திய வேலை. பாய் கரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை.

லட்சுமம்மா அந்த மீனை எடுத்துத் தண்ணீரில் கழுவி, கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். நிஜமாகவே, வாய்விட்டு.

"இத்தினி வருசமா விராலு எனக்கு எதிரின்னு நெனச்சினு இருந்தன். எனக்கு வாட்ச்மேன் வேல பாத்துக்கினு இருக்குது! அண்ணா, அந்தத் தூண்டிலச் சுருட்டு."

"அம்மா, எவ்வளவு வேணாலும்னு சொன்னீங்களே..."

"அது வயித்த அறுக்கறதுக்கு முன்ன. இனிமே என் ஏரியில விரால யாரும் தொடக் கூடாது. வர்றதுன்னா வலை இழுக்க வாங்க."

என் வாழ்க்கையில் பார்த்த மிகச் சிறந்த விரால் ஏரி எனக்குத் திறந்து அரை மணி நேரத்தில் மூடிக்கொண்டது. ஆனாலும் சிரிப்புத்தான் வந்தது.

கிளம்பும்போது பாய் பக்கெட்டைத் திறந்து பார்த்தார். இரண்டு தங்கமீன்கள் உயிரோடு இருந்தன. அவர் கை பழக்கத்தில் பக்கெட்டைத் தண்ணீர்ப் பக்கம் சாய்த்தது. பாதியில் நின்றது. மூடியைப் போட்டு அழுத்தி, கயிற்றால் இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டினார். சானமாவு வழியாக இருட்டுவதற்குள் தாண்ட வேண்டும் என்று நான் வேகமாக ஓட்டினேன். பின்னால் அவர் வழி முழுக்கப் பக்கெட்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டே வந்தார்.

இந்தப் பக்கம் தூண்டில் போட வருகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது: பைக் இல்லையென்றால் ஓசூர் பஸ் நிலையத்திலிருந்து ராயக்கோட்டை பஸ் ஏறுங்கள், உத்தனப்பள்ளிக்கு ஆறு ரூபாய். சானமாவு காட்டை வெளிச்சத்தில் மட்டும் தாண்டுங்கள். எந்த ஏரியானாலும் குத்தகை யாருடையது என்று டீக்கடையில் விசாரித்து, கேட்டுவிட்டு உட்காருங்கள். விராலுக்குத் தவளையும் மண்புழுவும் போதும், அந்தந்த ஏரியின் சின்ன மீனே போதும். வெளியிலிருந்து கொண்டுபோன எதையும், உயிரோடு இருந்தாலும் பாவமாக இருந்தாலும், அங்கே கவிழ்க்காதீர்கள். அந்த ஏரியின் பேரை நான் எழுதவில்லை. எழுதினால் விரால் ஆசையில் நீங்கள் போய் நிற்பீர்கள், லட்சுமம்மாவின் அரிவாளுக்கு நான் பொறுப்பில்லை. ஐப்பசியில் வலை இழுக்க எங்களை வரச் சொல்லியிருக்கிறார். போவோம். வலையில் கட்லா, ரோகு என்று வெள்ளை எவ்வளவு, ஆரஞ்சு எவ்வளவு என்பது அன்றைக்குத்தான் தெரியும். நினைத்தாலே நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

நேற்று பாய் கடைக்கு ஆணி வாங்கப் போயிருந்தேன். கல்லாப் பக்கத்தில் ஒரு நீல டிரம்மைப் பாதியாக அறுத்துத் தண்ணீர் ஊற்றி வைத்திருக்கிறார். உள்ளே அந்த இரண்டும் சுற்றிக்கொண்டிருந்தன. சிமென்ட் வாங்க வந்த ஒருவர், "என்ன பாய், மீன் என்ன விலை?" என்று கேட்டார்.

"விக்கிறதுக்கு இல்ல" என்றார் பாய். கொஞ்சம் யோசித்து, "விடுறதுக்கும் இல்ல" என்றார்.